ஆகாசத்து ஏலம்

திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலத்தை ஒரு தரமாவது பார்க்காதவர்கள், தூத்துக்குடியைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சீலா மீன் ஒன்று மணலில் கிடக்கும். சுற்றிலும் இருபது முப்பது பேர் நிற்பார்கள். எல்லோரும் ஏக காலத்தில் பேசுவார்கள். வெளியூர்க்காரனுக்கு அது கைகலப்புக்கு முந்திய கட்டம் போலத் தோன்றும். ஏலக்காரரைக் கவனித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அவர் அத்தனை குரலையும் கேட்பதில்லை. கூச்சலுக்குள் கையை விட்டு ஒரே ஒரு குரலை எடுக்கிறார். அந்த விலையைத் திருப்பிச் சொல்கிறார். அவர் சொல்லும் அந்த ஒரு விநாடி எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்புறம் மறுபடியும் கூச்சல்.

இதே மாதிரி ஓர் ஏலம் ஆகாசத்திலும் நடக்கிறது. மீனும் கிடையாது, பணமும் கிடையாது. நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில், நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை 5.30-க்கு ஆரம்பித்துத் திங்கட்கிழமை காலை 5.30 வரை 48 மணி நேரம். உலகம் முழுவதிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மோர்ஸ் தந்தி பாஷையில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ‘சி.க்யூ. வேர்ல்ட் வைட்’ என்று அதற்குப் பெயர். 1948-லிருந்து நடந்து வருகிறது. வேறு போட்டிகளும் இருக்கின்றன. ஆனால் சித்திரைத் தேர் என்றால் இதுதான்.

கலந்துகொள்கிறவர்களை ‘ஹாம்’ என்கிறார்கள். பரீட்சை எழுதி, சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டிருக்கும் பொழுதுபோக்குக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டாருடையது பெரும்பாலும் வி.யு. என்று ஆரம்பிக்கும். பிரதம மந்திரியாக இருந்த ராஜீவ் காந்திக்கு வி.யு.2-ஆர்.ஜி. என்ற குறி இருந்தது. மோர்ஸ் செத்துப்போன பாஷை என்று நினைக்கிறவர்கள் அதிகம். அவர்கள் மேல் தப்பில்லை. கப்பல்களின் ஆபத்துச் செய்திக்கு மோர்ஸ் தேவையில்லை என்று 1999 பிப்ரவரி முதல் தேதியோடு ஆகிவிட்டது. 2013 ஜூலையில் நம் தபால்காரர் கொண்டுவரும் தந்தியும் நின்றது. தந்தி என்ற பெயர் இப்போது பத்திரிகையின் தலைப்பில்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த நவம்பர் இரண்டு நாள் ஒரு நல்ல ரேடியோவின் குமிழைத் திருகிப் பாருங்கள். அலைவரிசையில் ஊசி குத்த இடம் இருக்காது.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது தூத்துக்குடிச் சிநேகிதர் ஒருவரால். வயதில் மூத்தவர், ஊர் வழக்கப்படி அண்ணாச்சி. சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீஸராக இருந்து, அந்த உத்தியோகமே இல்லாமல் போன காலத்தில் கரையேறியவர். மாடியில் ஓர் அறை. மேஜை மேல் ரேடியோப் பெட்டி, பக்கத்தில் இரு விரலால் தட்டுகிற பித்தளைச் சாவி. ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து தென்னை மரம் வரை ஒரு கம்பி, அதுதான் ஏரியல். சக்தி நூறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்று எரியத் தேவையான சக்தியில் மனிதர் ஜப்பானோடும் பின்லாந்தோடும் பேசிக்கொண்டிருக்கிறார். நானும் மூன்று நான்கு வருஷமாக அந்த வார இறுதியில் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன்.

பரிமாற்றம் என்னவோ மிகச் சுருக்கம். அவரவர் அழைப்புக்குறி, 599 என்ற எண், பிறகு உலகத்தைப் பங்கு போட்டதில் தாம் இருக்கும் மண்டல எண். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 22. 599 என்றால், ‘நீங்கள் சொல்வது துல்லியமாகக் கேட்கிறது, பலமாகக் கேட்கிறது, தொனி சுத்தம்’ என்று அர்த்தம். சமுத்திர இரைச்சலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல் கேட்கிறவனுக்கும் 599-தான்! கடிதம் எழுதும்போது கடன்காரனுக்கும் ‘மகா-ள-ள-ஸ்ரீ’ போட்டுத்தானே ஆரம்பித்தோம், அந்த மாதிரி. ஒன்பதுக்கு நான்கு கோடும் ஒரு புள்ளியும் அடிக்க வேண்டும். நேரமாகிறதென்று அதையும் ‘என்’ என்ற எழுத்தாக, ஒரு கோடு ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடுகிறார்கள். மரியாதையில் கூடச் சிக்கனம். வேறு கண்டத்தாரோடு பேசினால் மூன்று புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடென்றால் ஒன்று. சொந்த நாட்டுக்காரனோடு பேசினால் பூஜ்யம். நாட்டுக் கணக்கில் ஒன்று கூடும் என்பதால் முதல் தடவை மட்டும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இந்தியாவிலிருந்து தந்தியில் வருகிறவர்கள் குறைவு. ஆகையால் அண்ணாச்சி தம் குறியை ஒரு தரம் அடித்து நிறுத்தினால் போதும், நாற்பது ஐம்பது பேர் ஒரே சமயத்தில் மேலே விழுவார்கள். அதைத்தான் ‘பைல்-அப்’ என்கிறார்கள். அண்ணாச்சி ‘குவியல்’ என்பார். முதல் நாள் எனக்குக் கேட்டது, மழைக்காலத்தில் தகரக் கொட்டகையின் மேல் விழும் சத்தம்தான். அவர் முகத்தில் சலனமே இல்லை. ஒரு வருடைய குறியில் பாதியை அடித்தார். சத்தம் நின்றது. ஒருவன் மட்டும் பதில் சொன்னான். 599, 22. நன்றி. மறுபடியும் தகரக் கொட்டகை.

“எப்படி அண்ணாச்சி இதில் பிரித்துக் கேட்கிறீர்கள்?” என்றேன்.

“எல்லாரையும் கேக்கணும்னு நெனச்சா ஒருத்தனும் கேக்க மாட்டான் தம்பி. ஒரு எழுத்து கெடைச்சாப் போதும். அதைப் பிடிச்சுக்கிடணும்.”

பிடித்துக்கொள்வது சுலபமாக இருக்கிறது. விடாமல் இருப்பதில்தான் ஆளின் தரம் தெரிகிறது. அவர் ‘ஜே.ஏ.1’ என்று அடித்துக் கேள்விக்குறி போடுகிறார். அப்படி ஆரம்பிக்கும் குறியுள்ள ஜப்பான்காரர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நடுவில் பெரிய ஏரியலும் பெரிய சக்தியும் வைத்திருக்கிற ஒரு தனவந்தர், தம் குறி வேறாயிருந்தும் காது செவிடுபட அடிப்பார். அவருக்குப் பதில் கொடுத்துவிட்டால் அரை நிமிஷத்தில் ஒரு கணக்கு ஏறும். புள்ளி புள்ளிதான். ஆனால் அண்ணாச்சி கொடுக்க மாட்டார். மறுபடியும் ‘ஜே.ஏ.1’, கேள்விக்குறி. மூன்றாம் தரமும் அதுவே. தனவந்தர் ஓய்ந்த பிறகு அந்த எறும்புக் குரலை எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்தவர்.

“கத்துனவனுக்கு ஒரு தடவை குடுத்துப் பாருங்க. அடுத்த நிமிசம் அம்பது பேரும் கத்துவான். அது அவன் தப்பு இல்ல, நம்ம தப்புல்லா?”

இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ரேஷன் கடையிலிருந்து கல்யாணப் பந்தி வரை, ‘ஜனங்களுக்கு ஒழுங்கில்லை’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் யாரும் பரிமாறுகிறவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜப்பான்காரர்கள் சொன்னால் சொன்னபடி மௌனமாகிவிடுவார்கள் என்பது ஹாம் உலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பேச்சு. ஐரோப்பாவைப் பற்றி அவர்கள் சொல்வதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு அங்கே வாசகர்கள் இருக்கிறார்கள்.

கூப்பிடுகிறவர்கள் பக்கத்திலும் வித்தை உண்டு. அபூர்வமான தீவு எதிலிருந்தாவது ஒருவன் பேசினால், அவன் பெரும்பாலும் ‘அப்’ என்று அடிப்பான். ‘நான் பேசுவது இங்கே, கேட்பது ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் மேலே’ என்று பொருள். டாக்டர் உள்ளே இருக்கிறார், நோயாளிகள் தாழ்வாரத்தில் நில்லுங்கள் என்கிற ஏற்பாடு. இதைக் கேட்காமல் நேரே டாக்டரின் நாற்காலியிலேயே போய் உட்காருகிற மகானுபாவர்கள் உண்டு. அவர்களால் மற்ற எவருக்கும் டாக்டர் பேசுவது கேட்காது. உடனே வேறு சிலர் அதே இடத்தில் ‘அப்! அப்!’ என்று அடித்து அவரைத் திருத்தக் கிளம்புவார்கள். இவர்களைப் போலீஸ்காரர்கள் என்று கேலி செய்கிறார்கள். திருடன் ஒரு தடவை கத்தினால் போலீஸ் பத்துத் தடவை விசில் ஊதுகிறது. கச்சேரியில் யாராவது பேசினால் ‘உஷ்’ என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி அதட்டுகிறவரை நாம் பார்த்ததில்லையா? எனக்கென்னவோ பேசினவனாவது அடுத்த நிமிஷம் பாட்டைக் கேட்பான் போலிருக்கிறது. அதட்டினவருக்கு அன்று முழுவதும் சங்கீதம் கிடையாது.

அண்ணாச்சி தீவுக்காரனைக் கூப்பிடும் விதமே வேறு. முதல் ஐந்து நிமிஷம் சாவியைத் தொடுவதில்லை. தீவுக்காரன் யாருக்குப் பதில் சொன்னான், அந்த ஆள் எந்த இடத்திலிருந்து கூப்பிட்டான் என்று குமிழை நகர்த்தித் தேடுகிறார். அடுத்தவன் அதற்குச் சற்று மேலே. அதற்கடுத்தவன் இன்னும் மேலே. தீவுக்காரனின் காது எந்தத் திசையில் நடக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அது போய்ச் சேரும் இடத்துக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்து, முழுக் குறியை ஒரே ஒரு தரம் அடிக்கிறார். பாதிக் குறி கூடாது. இரண்டு தரம் கூடாது. அவன் வேறொருவனுக்குப் பதில் சொல்லும்போது அடிக்கவே கூடாது. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிலையமும் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டிவிடுகிறது. அதைத் தட்டினால் ரேடியோ தானே அங்கே போய் நிற்கும். எல்லோரும் தட்டுவதால் எல்லோரும் மயிரிழை பிசகாமல் ஒரே சுருதியில் போய் விழுகிறார்கள். ஐம்பது நாகஸ்வரம் ஒரே ஸ்வரத்தை ஊதினால் எந்தச் சீவாளியை என்று கேட்பது? அண்ணாச்சி ஒரு துளி தள்ளி நிற்பார். சத்தம் சின்னது, ஆனால் தனியாகக் கேட்கும்.

அவருக்கு இப்போது காது மந்தம். மேல் ஸ்தாயி சரியாக விழுவதில்லை. ரேடியோவில் தொனியை ஆண் குரல் போலத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கேட்கிறார். இன்னும் எத்தனை நவம்பர் என்று ஒரு நாள் அவரே சொன்னார். நான் பதில் சொல்லவில்லை; அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

கேட்பது எங்கே படித்தது என்றால் அவர் கப்பலைச் சொல்வதில்லை, தகப்பனாரைச் சொல்கிறார். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு சிப்பி அந்த அளவுக்கு விளையவே இல்லை. தகப்பனார் அந்தப் படகுகளில் கயிறு பிடித்தவர். கல்லின் பாரத்தில் குளிக்கிறவர் ஆறேழு பாகம் இறங்குவார். தரை தட்டியதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அடியில் ஒரு நிமிஷம். கூடிப்போனால் இன்னும் கொஞ்சம். பை நிறைந்தாலும் மூச்சு முட்டினாலும் கயிற்றில் ஒரு சுண்டு. அதுதான் செய்தி. அதற்கு மேல் பாஷை கிடையாது. படகில் பாட்டு, சண்டை, அலை, மற்றவர்கள் இறங்குவதும் ஏறுவதுமான அமளி எல்லாம் நடந்துகொண்டிருக்கும். கயிறு அலையிலும் ஆடும், நீரோட்டத்திலும் இழுபடும். அத்தனை அசைவுக்கும் நடுவே மனிதனுடைய அந்த ஒரு சுண்டலை உள்ளங்கை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

“எங்கப்பா கயித்தைப் பிடிச்சாருன்னா பேச்சு கெடையாது. யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. உசிரு கையிலல்லா இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

அவருடைய அறையில் ரேடியோவுக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. கப்பல் ரேடியோ அறைக் கடிகாரம். முகப்பில் 15-லிருந்து 18 நிமிஷம் வரையிலும் 45-லிருந்து 48 வரையிலும் இரண்டு சிவப்புத் துண்டு. முள் அந்தச் சிவப்புக்குள் இருக்கும் மூன்று மூன்று நிமிஷமும், உலகத்துக் கப்பல்களும் கரை நிலையங்களும் 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஆபத்து அலைவரிசையில் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எவனாவது மூழ்கிக்கொண்டிருந்தால் அவன் குரல் அந்த நிசப்தத்தில் மேலே வரும். பூமிப்பந்து முழுவதும் ஏக காலத்தில் மணிக்கு இரண்டு தரம் மௌனமாக இருந்த அந்த ஏற்பாட்டைப் போல ஒன்றை மனித ஜாதி வேறு எங்காவது செய்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மோர்ஸோடு அதுவும் போய்விட்டது.

இதெல்லாம் சும்மா வந்த நாசூக்கு இல்லை. 1912 ஏப்ரல் 14-ம் தேதி இரவு, டைட்டானிக் கப்பலின் தந்திக்காரர் ஜாக் பிலிப்ஸ் பிரயாணிகளின் செய்திகளை நியூபவுண்ட்லாந்துக் கரையிலுள்ள கேப் ரேஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கேப் ரேஸின் குரல் தூரத்தில் மெல்லக் கேட்டது. அப்போது பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் தந்திக்காரர் சிரில் எவன்ஸ், ‘பனிக்கட்டி சூழ்ந்து நின்றுவிட்டோம்’ என்று சொல்லக் குறுக்கிட்டார். பக்கத்துக் கப்பலின் சத்தம் பிலிப்ஸின் காதைப் பிளந்தது. ‘வாயை மூடு, வேலையாக இருக்கிறேன்’ என்று பதில் போயிற்று. எவன்ஸ் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கருவியை நிறுத்திப் படுக்கப் போனார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் டைட்டானிக் பனிமலையில் மோதியது. பிலிப்ஸ் அபாயக் குரல் கொடுத்தபோது, மிக அருகிலிருந்த தந்திக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். விசாரணையில் எவன்ஸ், ‘அதை நான் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை’ என்று சொன்னார். தந்திக்காரர்களுக்குள் அப்படிப் பேசிக்கொள்வது சகஜமாம். சகஜமாக இருந்ததுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நம் கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தமான் தீவுகள் ஹாம்களுக்கு அபூர்வ சரக்கு. 1987-க்குப் பிறகு பல வருஷம் அங்கிருந்து குரலே இல்லை. 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் அனுமதி பெற்றுக் குழுவோடு போர்ட் பிளேரில் நிலையம் போட்டார். வி.யு.4-ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி கேட்டதும் உலகமே அவர் மேல் விழுந்தது. 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி வாக்கில் பூமி ஆடியது. பின்னாலேயே கடல் ஏறியது. டெலிபோன் போயிற்று, மின்சாரம் போயிற்று. அந்த அம்மையார் பொழுதுபோக்கை அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, தீவுகளிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து தீவுகளுக்கும் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற செய்திகளை அனுப்பலானார். நாள்கணக்கில் அதுவே வேலை.

இலங்கை குறுக்கே கிடந்ததால் தூத்துக்குடிக்கு அன்று அடி குறைவு. குளச்சலும் நாகப்பட்டினமும் பட்டது வேறு. அண்ணாச்சி மாடி அறையில் காலையிலிருந்து போர்ட் பிளேரைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதற்கு முந்திய வாரம் முழுவதும் அந்த அம்மையாரின் காதில் விழுவதற்கு முண்டியடித்த ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். அன்று அவர் சாவியைத் தொடவில்லை.

“நீங்கள் ஏதாவது உதவி செய்யலாமே என்று தோன்றவில்லையா?”

“அதாம் செஞ்சேன் தம்பி. சும்மா இருந்தேன். தேவைப்பட்டா கூப்பிடுவாங்க, கேக்கணும்லா.”

போன நவம்பர். ஞாயிறு நள்ளிரவு தாண்டிவிட்டது. வெளியே மழை, இடி இடிக்கும்போதெல்லாம் ரேடியோ ‘சர்ர்’ என்று கிழிந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் அண்ணாச்சிக்கு ஓர் அருமையான இடம் அமைந்திருந்தது. ஐரோப்பா வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நிமிஷத்துக்கு இரண்டு பேர். இந்த மாதிரி ஓர் இடம் ராத்திரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார்.

குவியலின் அடியில் ஒரு குரல் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் அது எத்தனை மெதுவாக இருந்திருக்க வேண்டும்! மூன்று புள்ளி, ஒரு கோடு. நீண்ட இடைவெளி. இரண்டு புள்ளி, ஒரு கோடு. வி.யு. நம் நாட்டுக்காரன். நம் நாட்டுக் கணக்கு சனிக்கிழமை காலையிலேயே ஏறிவிட்டது. ஆகவே இவனுக்கு விலை சுத்தமான பூஜ்யம்.

அண்ணாச்சி ‘வி.யு.’ என்று அடித்துக் கேள்விக்குறி போட்டார். வேகமாக அல்ல. நிமிஷத்துக்கு முப்பது வார்த்தையில் ஓடிக்கொண்டிருந்த கை, பத்துக்கு இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் கை பதறியது. குறியைத் தப்பாக அடித்து, எட்டுப் புள்ளி போட்டு அழித்து, மறுபடியும் ஆரம்பித்தது. நடுவில் ஓர் இடி. அண்ணாச்சி ‘மறுபடியும்’ என்று கேட்டார். வந்தது. 599 வந்தது, மண்டல எண் வரவில்லை. 22 என்று நமக்குத் தெரியாதா? தெரிந்ததை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கேட்டார். அவன் யோசித்து அடித்தான். முதலில் ஒரு 2. சிறிது நேரம் கழித்து இன்னொரு 2. அண்ணாச்சி அவனுடைய வேகத்திலேயே நன்றி சொல்லி, போட்டியில் யாரும் சொல்ல நேரமில்லாத 73-ஐயும் சேர்த்து அடித்தார். அன்போடு என்று அர்த்தம்.

மொத்தம் இரண்டரை நிமிஷம் ஆயிற்று. ஐரோப்பியர்கள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். பலமான ஒரு நிலையம் ஏதோ, இடம் காலி என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்து சி.க்யூ. போட ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி ஒரு கேள்விக்குறி அடித்தார். அதற்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் அடிக்கவில்லை.

மதினி காபி டம்ளரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். “யாரு அது, இவ்வளவு நேரம்?”

“தெரியல. புதுசு. கை நடுங்குது” என்று அண்ணாச்சி லாக் புத்தகத்தில் எழுதினார்.

“பூஜ்யம்தானே அண்ணாச்சி?” என்றேன்.

“பூஜ்யம்தான்” என்றார். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, காலி இடம் தேடிக் குமிழை மெல்லத் திருக ஆரம்பித்தார்.